படகு எண், வந்த தேதி, போகும் நாடு

அகதிகளுக்கான வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "ஆன்ட்டி, வியட்நாம் படகு மக்களுக்கு மட்டும் உலக நாடுகள் எப்படிக் கதவைத் திறந்துவிட்டன? இன்றைக்கு ஏன் யாருக்கும் மனம் வரவில்லை?" 1975-க்குப் பிறகு வியட்நாமிலிருந்து படகேறித் தப்பி வந்த அந்த மக்களின் கோப்புகளைத் தட்டச்சு செய்தவள் என்ற முறையில் அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மனம் இருந்ததால் மட்டும் கதவு திறக்கவில்லை. முதலில் அது மூடப்பட்டது. மூடியவர்கள் மிரட்டினார்கள். மிரட்டலைக் கேட்டவர்கள் எத்தனை பேரை எடுத்துக்கொள்வோம் என்று எண் சொன்னார்கள். எண்ணைப் பார்த்த பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. அந்தப் பேரத்தின் கடைசி முனையில், மலேசியாவில் ஒரு கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

நான் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் படிவம் ஐந்து வரை முடித்து, கோலாலம்பூரில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு அலைந்துகொண்டிருந்தபோது ஒரு நிவாரண அமைப்பில் எழுத்தர் வேலை கிடைத்தது. முதலில் திரெங்கானு கரைக்கு அப்பால் இருக்கும் பீடோங் தீவு, பிறகு தலைநகரின் ஓரத்தில் சுங்கை பீசி முகாம். பீடோங்கை 1978 ஆகஸ்டில் முகாமாக்கினார்கள். 4,500 பேருக்கு என்று திட்டம். 1979 நடுவில் அங்கே சுமார் 40,000 பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டருக்குள். குன்றுச் சரிவில் மரத்தை வெட்டி, பிளாஸ்டிக் தாளையும் அரிசிச் சாக்கையும் போர்த்தி, ஒன்றின் மேல் ஒன்றாகக் குடில்கள். தையற்கடை, முடிதிருத்தும் கடை, காப்பிக் கடை எல்லாம் அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி மட்டும் காலையிலிருந்து ஓயாது: படகு எண், பெயர், எந்த நாட்டு நேர்காணல், எத்தனை மணிக்கு.

படகு எண் என்று சொன்னேன் அல்லவா, அதுதான் அங்கே ஆதாரம். வந்து இறங்கும் ஒவ்வொரு படகுக்கும் முகாமில் ஓர் எண் கொடுப்போம். வந்தவர் எல்லாரும் அந்த எண்ணோடு கோப்பில் ஏறுவார்கள். பாஸ்போர்ட் இல்லை, பிறப்புச் சான்று கடலில் போய்விட்டது, பெயரை எப்படி எழுதுவது என்பதிலேயே தகராறு. எண் மட்டும் மாறாது. பல ஆண்டுகள் கழித்து, தங்கள் கோப்பைத் தேடிக் கடிதம் எழுதுகிறவர்கள் அம்மா அப்பா பெயருக்கு முன்னால் படகு எண்ணைத்தான் எழுதுவார்கள்.

இவ்வளவு பேர் ஏன் வந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் விழுந்தபோது அமெரிக்கா சுமார் 130,000 பேரைக் கொண்டுபோனது. பழைய ராணுவத்தினரும் அதிகாரிகளும் மறுகல்வி முகாம் என்ற பெயரில் நடந்த சிறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நகரத்துக் குடும்பங்கள் 'புதிய பொருளாதார மண்டலங்கள்' என்ற காட்டு நிலங்களுக்குத் தள்ளப்பட்டன. 1978 மார்ச்சில் தனியார் வணிகம் ஒரே அடியாகப் பறிக்கப்பட்டது. அதில் அதிகம் அடிபட்டவர்கள் சைகோனின் வணிகப் பகுதியான சோலோனில் இருந்த சீனர்கள். சீனாவோடு உறவு கெட்டு, 1979 பிப்ரவரியில் போரே வந்ததும் அவர்கள் நிலைமை இன்னும் மோசமானது. தங்கத்தை எண்ணிக் கொடுத்தால் உள்ளூர் அதிகாரிகளே படகில் ஏற்றிவிடும் ஏற்பாடு தெற்கில் பரவியது. தலைக்கு எத்தனை தாயேல் (தங்கம் நிறுக்கும் ஓர் எடை அளவு) தங்கம் என்பது ஊருக்கு ஊர் மாறும். எங்கள் கோப்பில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. ஆனால் கேட்காமலே எல்லாரும் சொல்வார்கள்.

தங்கம் கொடுத்து வந்தவர் அகதியா, பயணியா? ராஜதந்திரிகள் முதலில் முட்டிக்கொண்டது இந்தக் கேள்வியில்தான். 1978 நவம்பரில் 'ஹாய் ஹோங்' என்ற பழைய சரக்குக் கப்பல் சுமார் 2,500 பேரோடு கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. ஒரு கும்பல் திட்டமிட்டு ஆள் கடத்தி வருகிறது, இவர்களை இறக்கவிட மாட்டோம் என்று மலேசிய அரசு நின்றது. தண்ணீரும் உணவும் படகில் போயின. ஆட்கள் மட்டும் இறங்கவில்லை. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மலேசியா மனம் மாறவில்லை. கனடா, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகள் இத்தனை பேரை நேராக எங்கள் நாட்டுக்கே எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னன. மேற்கு ஜெர்மனியின் கீழ் சாக்சனி மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெக்ட் 1,000 பேருக்கு இடம் என்றார். கனடா 604 பேரை எடுத்தது. அதன் பிறகே கப்பலிலிருந்து மனிதர்கள் இறங்கினார்கள், அதுவும் விமான நிலையம் போவதற்காக. போகுமிடம் எழுத்தில் உறுதியானால்தான் கரை என்ற விதியை அந்தக் கப்பலில்தான் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள்.

அதே நவம்பரில் கோலத் திரெங்கானு அருகே ஒரு படகு கரையேற விடாமல் தடுக்கப்பட்டுக் கவிழ்ந்தது. சுமார் 200 பேர் மூழ்கினார்கள். அவர்களுக்காக எந்தத் தூதரும் விமானம் ஏறி வரவில்லை. பெரிய கப்பலுக்குச் செய்தியாளர்கள் வருவார்கள்; மரப் படகுக்கு யார் வருவார்?

1979-ன் முதல் பாதி எங்களுக்கு மிகக் கெட்ட காலம். கடற்படைக் கப்பல்கள் படகுகளை மறுபடி ஆழ்கடலுக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டன. ஜூனில் துணைப் பிரதமர் மகாதீர், வருகிறவர்களைச் சுட அதிகாரம் கொடுக்கும் சட்டம் வரும் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. விரட்டுவோம் என்றுதான் சொன்னார், சுடுவோம் என்று சொல்லவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. பிரதமர் ஹுசேன் ஓனும் யாரும் சுடப்பட மாட்டார்கள் என்று உறுதி சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஜூன் மாதம் மட்டும் இந்தப் பகுதி நாடுகளுக்குப் படகில் வந்தவர்கள் 54,000-க்கு மேல். மாதக் கடைசியில் பாலியில் கூடிய ஐந்து ஆசியான் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள், பொறுமையின் எல்லையை எட்டிவிட்டோம், இனி புதிதாக யாரையும் ஏற்க மாட்டோம் என்று கூட்டாக அறிவித்தார்கள். அங்கே வியட்நாமை மிகக் கடுமையாகச் சாடியவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். பிழைக்க இடம் தேடி வந்த குடும்பத்துப் பிள்ளை இப்படிப் பேசலாமா என்று எங்கள் அலுவலகத்துத் தமிழர்களுக்குள் அன்று பெரிய வாக்குவாதம். முகாம் மருத்துவக் கொட்டகையில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த மூத்தவர் ஒருவரை நாங்கள் அண்ணன் என்போம். அவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "கத்தட்டும் தங்கச்சி. கத்தினால்தான் வெள்ளைக்காரனுக்குக் காது கேட்கும்" என்றார்.

எனக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் ஜூலையில் நடந்தது அவர் சொன்ன மாதிரியே இருந்தது. அதுவரையிலான கணக்கு இது: 1975 முதல் தென்கிழக்கு ஆசியாவில் தஞ்சம் கேட்ட இந்தோசீன (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) மக்கள் 550,000-க்கு மேல். அவர்களில் சுமார் 200,000 பேர் வெளிநாடுகளுக்குப் போய்விட்டார்கள், 350,000 பேர் முகாம்களில். கடைசி ஆறு மாதங்களில் ஒருவர் விமானம் ஏறினால் மூன்று பேர் புதிதாக வந்தார்கள். ஜூலை 20, 21 தேதிகளில் ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைம் ஜெனீவாவில் 65 நாடுகளைக் கூட்டினார். அமெரிக்கத் துணை அதிபர் வால்டர் மாண்டேல், 1938-ல் யூத அகதிகளுக்காக எவியானில் கூடி ஒன்றும் செய்யாமல் கலைந்த மாநாட்டை எடுத்துச் சொல்லி, அதே பழியை நாமும் சுமக்கக்கூடாது என்றார். குடியேற்ற வாக்குறுதிகள் 125,000-லிருந்து 260,000 ஆயின. பணமாகவும் பொருளாகவும் சுமார் 160 மில்லியன் டாலர் வந்தது. ஜப்பான் பணத்தில் தாராளம், ஆட்களை எடுப்பதில் அதே அளவு கஞ்சத்தனம். பிலிப்பைன்ஸ், பத்தான் மாநிலத்தில் ஒரு பெரிய இடைத்தங்கல் மையத்துக்கு இடம் தந்தது. இந்தோனேசியா காலாங் தீவில் தந்தது. யாரையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, சில காலம் தங்கவைத்தால் போதும் என்பதால் அவர்களுக்கும் அது ஒத்துவந்தது.

இன்னொன்றையும் அங்கே வாங்கிக்கொண்டார்கள். மாநாட்டைப் பாராட்டுகிறவர்கள் அதை மெதுவாகத் தாண்டிப் போவார்கள். சட்டவிரோதமாகக் கிளம்புவதை 'நியாயமான ஒரு கால அளவுக்கு' தடுக்கப் பாடுபடுவோம் என்று வியட்நாம் உறுதி சொன்னது. கிளம்பத் துடித்தவர்களைக் கரையிலேயே பிடித்துச் சிறையில் போடுவது என்பதே அதன் நடைமுறைப் பொருள். சில மாதங்களில் படகுகள் மாதத்துக்குச் சில ஆயிரம் பேர் என்ற அளவுக்குக் குறைந்தன. எங்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. பின்னால் வந்தவர்களின் கோப்புகளில், பிடிபட்டுச் சிறையிலிருந்து மறுபடி முயன்ற கதை அடிக்கடி வந்தது. சட்டப்படி விமானத்தில் வெளியேறும் திட்டத்துக்கு அந்த மே மாதமே ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கும் வியட்நாமுக்கும் ஒப்பந்தம் ஆகியிருந்தது. தொடக்கத்தில் நத்தை வேகம். ஆனால் கடைசியில் ஆறரை லட்சம் பேர் கடலில் கால் வைக்காமல் அதன் வழியே போனார்கள்.

ஜெனீவா எண் பீடோங்குக்கு வந்து சேர்ந்தபோது அது தூதுக்குழு என்ற உருவில் வந்தது. ஒவ்வொரு நாட்டு அதிகாரியும் ஒரு மேசை, ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு பட்டியல். ஜெனீவாவில் எல்லாரும் மனிதாபிமானம் பற்றிப் பேசியிருப்பார்கள். தீவில் ஒவ்வொருவரும் தத்தம் தேவையைக் கேட்டார்கள். அமெரிக்கர்கள் ஆட்களை நான்கு வகையாகப் பிரித்திருந்தார்கள்: அங்கே நெருங்கிய உறவு உள்ளவர், அமெரிக்க அரசுக்கு வேலை செய்தவர், பழைய ராணுவம் போல அமெரிக்காவோடு தொடர்பு கொண்டவர், மற்றவர். எந்தப் படைப்பிரிவு, யார் தளபதி, மறுகல்வி முகாமில் எத்தனை ஆண்டு என்று குடைவார்கள். ஆஸ்திரேலிய அதிகாரி கையைப் பார்ப்பார், என்ன தொழில் தெரியும், பிள்ளைகளுக்கு என்ன வயது. பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சு மொழியில் தொடங்கிவிடுவார். கனடா ஆட்களிடம் இன்னொரு வழியும் இருந்தது. அந்த நாட்டில் சாதாரணக் குடிமக்கள் சிலர் சேர்ந்தோ, ஒரு தேவாலயச் சபையோ ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுச் செலவை ஏற்றுக் கையெழுத்துப் போடலாம். 1979-ல் 50,000 பேர் என்று அறிவித்தவர்கள் அடுத்த ஆண்டே அதை 60,000 ஆக்கியதில் அந்தக் கையெழுத்துகளுக்கும் பங்கு உண்டு. எந்த அரசின் அறிவிப்பையும்விட எனக்கு அந்தச் சிற்றூர்க் குழுக்களின் படிவங்கள்மேல் நம்பிக்கை அதிகம். தலைப்பில் குடும்பத்தின் பெயர், கீழே பல்மருத்துவர், மளிகைக்கடைக்காரர், ஆசிரியை என்று கையெழுத்து வரிசை.

மேசை வேலை பார்க்கிறவர்களுக்கு இங்கே நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்ல வேண்டும்.

பெயரைப் பற்றி முதலில். வியட்நாமியர் குடும்பப் பெயரை முன்னால் சொல்வார்கள், அழைக்கும் பெயர் கடைசியில். மனைவி கணவன் பெயரை எடுப்பதில்லை. படகில் பாதிப் பேருக்கு குவென் என்றே குடும்பப் பெயர் இருக்கும். மேற்கத்தியப் படிவமோ எல்லாரும் அவர்களைப் போலவே பெயர் வைத்திருப்பார்கள் என்று நினைத்து அச்சடித்தது. அப்பா பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொண்டு, அடையாள அட்டையில் 'மகன்', 'மகள்' என்று எழுதியே பழகிய எங்களைப் போன்ற தமிழர்களுக்கு அந்தத் தொல்லை சொல்லாமலே புரியும். ஒரு தூதுக்குழுவின் பட்டியலில் ஒரு தாயின் பெயர் தலைகீழாகிப் போய், கணவனும் பிள்ளைகளும் ஒரு விமானத்தில், அவள் வேறு ஒருத்தியின் கோப்புக்குள் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தீவில் நின்றாள். அதன் பிறகு ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் குடும்பம் முழுவதையும் ஒரே பட்டியலாக அடித்து, அவர்களே தங்கள் எழுத்தில் பெயரை எழுதிய தாளையும் சேர்த்துத் தைத்துவிடுவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இன்றைக்குக் கணினி வந்துவிட்டது என்று சிரிக்காதீர்கள். மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரொஹிங்கியாக் குடும்பங்களின் பெயர்களைக் கணினிகள் படுத்தும் பாட்டை நேரில் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வயது அடுத்தது. பள்ளியில் சேர்க்கலாம் என்று பதினெட்டை பதினைந்தாகச் சொல்வார்கள். தனியாக வந்த சிறுவனை அண்டைக் குடும்பம் தன் பிள்ளை என்று எழுதிக்கொள்ளும். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் அகதிக் கோப்பில் ஏறிய பிறந்த தேதிதான் விசாவில் ஏறும், அதுவே குடியுரிமையில், அதுவே ஓய்வூதியத்தில். தன் உண்மையான பெற்றோரை வரவழைக்க விண்ணப்பித்தபோது, கோப்புப்படி நீ வேறு ஒருவரின் பிள்ளை ஆயிற்றே என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. அதனால் நேர்காணலுக்கு முந்தின நாளே, அதிகாரி இல்லாத நேரத்தில், உட்கார வைத்து விளக்கிவிடுங்கள்: இன்று சொல்லும் பொய்யை முப்பது ஆண்டு சுமக்க வேண்டியிருக்கும். மிரட்டும் குரலில் சொன்னால் வாயே திறக்க மாட்டார்கள்.

எக்ஸ்ரே தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காசநோய் அறிகுறி தெரிந்தால் சிகிச்சை முடியும்வரை பயணம் இல்லை. வீட்டில் ஒருவருக்கு இருந்தாலும் மொத்தக் குடும்பமும் நிற்கும். தாத்தாவால் தங்கள் வாழ்க்கை நின்றுபோனது என்று பேரப்பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். டிரெஸர் அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மாத்திரை முடியும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டுக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிடுவார். முடியும் தேதி கண்ணில் தெரிந்தால் சண்டை பாதியாகக் குறைந்துவிடும். விமான டிக்கெட் இலவசம் என்று பலர் நினைத்தார்கள். அமெரிக்கா போகிறவர்கள் டிக்கெட் செலவைத் திருப்பிக் கட்டுவதாகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் விமானம் ஏறினார்கள். படித்துச் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

கடலில் மீட்பு என்பது தனிக் கதை. என் சின்னம்மா மகன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தான். கப்பல் ஒன்று நடுக்கடலில் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டது என்று தந்தி வந்தால் அலுவலகமே தலையில் கைவைத்துக்கொள்ளும் என்பான். காரணம், சிங்கப்பூரில் இறக்க வேண்டுமானால் 90 நாட்களுக்குள் இவர்களை நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்று ஏதாவது ஒரு நாடு எழுதிக்கொடுக்க வேண்டும். அங்கிருந்த ஹாக்கின்ஸ் சாலை முகாமில் ஒரே நேரத்தில் 1,000 பேருக்கு மேல் இடமும் கிடையாது. கப்பல் நார்வே கொடியோ பிரிட்டிஷ் கொடியோ பறக்கவிட்டால் அந்தத் தூதரகத்தைக் கேட்கலாம். பனாமா, லைபீரியா கொடி என்றால்? கட்டணம் வாங்கிக்கொண்டு கொடியை மட்டும் வாடகைக்குத் தரும் நாடு ஒரு குடும்பத்தையும் எடுக்காது. கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும், நாளுக்கு நாள் நட்டம் ஏறும். விவரம் தெரிந்த மாலுமிகள், தூரத்தில் கைவிளக்கு அசைவதைப் பார்த்தும் பாதையை மாற்றிக்கொண்டு போனார்கள். இதற்காகவே குடியேற்ற நாடுகள் சில சேர்ந்து, ஆள் எடுக்காத நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் மீட்டவர்களுக்கு நாங்கள் பொறுப்பு என்று பொது உத்தரவாதம் தந்தன. அது தளர்ந்தபோது மீட்பும் தளர்ந்தது. 1985-ல் இன்னொரு திட்டத்தை உண்டாக்கிக் கூடுதல் இடங்களை ஒதுக்கிய பிறகு கப்பல்கள் மறுபடி நிற்கத் தொடங்கின. மாலுமிகளின் மனசாட்சி இடையில் செத்துப் பிழைக்கவில்லை. இறக்கும் துறைமுகம் உறுதியா இல்லையா என்பதுதான் மாறியது. யாருடைய உத்தரவாதமும் கேட்காமல் தேடிப்போய் மீட்ட 'காப் அனமூர்' போன்ற கப்பல்களும் இருந்தன. ருபர்ட் நியூடெக் ஜெர்மனியில் பணம் திரட்டி அனுப்பிய அந்தக் கப்பல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தூக்கியது. ஆனால் அவர்களுக்கும் கடைசியில் ஜெர்மன் அரசின் இடம் வேண்டியிருந்தது.

கடற்கொள்ளையைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வராது. 1981-ல் தாய்லாந்து கரைக்கு வந்த 452 படகுகளில் 349 தாக்கப்பட்டிருந்தன, அதுவும் சராசரி மூன்று முறை. 228 பெண்கள் கடத்தப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பன்னிரண்டு நாடுகள் பணம் போட்டுத் தாய்லாந்தின் கடல் ரோந்துக்கு உதவின. பெண்களிடம் வாக்குமூலம் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கடைப்பிடிக்க வேண்டும்: அதே கதையை ஒவ்வொரு தூதுக்குழுவுக்கும் முதலிலிருந்து சொல்லச் செய்யாதீர்கள். ஒரு முறை, ஒரு பெண் அதிகாரி, எழுதிய தாளைப் பூட்டிய உறையில். அடுத்தவர் உறையைப் படிக்கட்டும்.

1980-களின் நடுவில் எல்லாருக்கும் சலிப்பு தட்டிவிட்டது. படகு நிற்கவில்லை, இடங்கள் குறைந்தன. இப்போது வருகிறவர்கள் வறுமைக்காக வருகிறார்கள் என்ற பேச்சு பலமானது. ஹாங்காங் 1982 ஜூலையிலிருந்தே புதியவர்களைப் பூட்டிய முகாம்களில் வைத்தது. 1989 மார்ச்சில் கோலாலம்பூரில் முன்னேற்பாட்டுக் கூட்டம், ஜூன் 13, 14-ல் ஜெனீவாவில் இரண்டாவது மாநாடு. விரிவான செயல் திட்டம் என்று பெயர். பழைய பேரத்தைப் பிரித்து மறுபடி கோத்தார்கள்: கரைநாடுகள் தொடர்ந்து தஞ்சம் தரும், ஆனால் வருகிற எல்லாரும் இனி அகதி அல்ல. ஒவ்வொருவரையும் விசாரித்து, தேறியவர்கள் மட்டும் வெளிநாடு போவார்கள், மற்றவர்கள் ஊர் திரும்ப வேண்டும். இந்தப் புதிய விதி தொடங்கும் வெட்டுத் தேதி எங்களுக்கு 1989 மார்ச் 14. ஹாங்காங்குக்கு அதற்கும் முந்தியே, 1988 ஜூன் 16.

சுங்கை பீசியில் ஒரு அண்ணன், தங்கை. அண்ணன் பிப்ரவரியில் வந்தவன். தங்கை, அதே ஊரிலிருந்து, அதே காரணத்துக்காக ஏப்ரலில் வந்தாள். இருவருக்கும் ஒரே அப்பா, மறுகல்வி முகாமில் இறந்தவர். அண்ணனுக்கு விசாரணையே இல்லை, பழைய விதிப்படி நேராக வெளிநாடு. தங்கை மலேசிய அதிகாரிகளுக்கு முன்னால் போய், தனக்கே நேர்ந்த துன்புறுத்தல் என்ன என்று நிரூபிக்க வேண்டும். ஐ.நா. அலுவலர் பக்கத்தில் பார்வையாளராக இருப்பார். அப்பா பட்டது அவள் பட்டதாகுமா? முதல் முடிவு இல்லை என்று வந்தது. அவள் முகாம் வேலியோரம் நின்று என்னிடம் கேட்டது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது: "எங்கள் ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்ததால் படகு தாமதம். அதை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்?" மேல்முறையீட்டில் அவளுக்கு அண்ணனின் பழைய கோப்பு உதவியது. அப்பாவின் சாவுக்கான தேதியும் இடமும் அதில், யாரோ எந்தத் தேவையும் இல்லாமல் கேட்டு எழுதியிருந்த ஒரு வரியில், இருந்தன. விசாரணை அறையில் தங்கைக்குப் பதற்றத்தில் வராத விவரம். அதனால்தான் சொல்கிறேன், உறவினர் யாருடைய கோப்பாவது ஏற்கெனவே எங்காவது இருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள். விசாரணைக்கு முன்பே, ஆண்டு வாரியாக ஒரு தாளில் நிகழ்ச்சிகளை எழுதவையுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு நாளில் இரண்டு தேதி சொன்னதால் மட்டும் நிராகரிக்கப்பட்டவர்கள் உண்டு.

தேறாதவர்களைப் பற்றி எழுத யாருக்கும் விருப்பம் இருப்பதில்லை. 1989 டிசம்பர் 12-ல் ஹாங்காங் 51 பேரை விடியலுக்கு முன் கட்டாயமாக விமானத்தில் ஏற்றி ஹனோய்க்கு அனுப்பியபோது உலகமே கூச்சலிட்டது. பிறகு கூச்சல் தணிந்தது. 1996-ல் திட்டம் முடிவதற்குள் 109,000-க்கு மேற்பட்டவர்கள் வியட்நாம் திரும்பினார்கள். திரும்புகிறவர்களைத் தண்டிக்க மாட்டோம் என்று வியட்நாம் 1988 டிசம்பரிலேயே எழுதிக்கொடுத்திருந்தது. அகதிகள் ஆணையத்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வந்தார்கள். பெரும்பாலும் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது என்றே கேள்விப்பட்டோம். கரையில் ஏற்கப்படுவதை உறுதிசெய்யும் ஆவணம் போல, திரும்புகிறவருக்கும் ஓர் ஆவணம் வேண்டும் என்பதை அந்தத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அந்த மட்டில் எனக்கு அதன்மேல் மரியாதை. வெட்டுத் தேதியின்மேல் இல்லை.

பீடோங் 1991 அக்டோபரில் மூடப்பட்டது. அதன் வழியாகப் போனவர்கள் சுமார் 250,000 பேர். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா அன்றும் கையெழுத்திடவில்லை, இன்றும் இல்லை. வெளியிலிருந்து இடமும் பணமும் உறுதியானால் தற்காலிகமாக வைத்திருப்போம் என்ற அதே நிலைதான். 2015 மே மாதம் அந்தமான் கடலில் ரொஹிங்கியாக்களும் வங்கதேசத்தவரும் ஏறிய படகுகள் மூன்று நாடுகளால் மாறி மாறித் தள்ளப்பட்டபோது எனக்கு 1979 ஜூன் நினைவு வந்தது. மே 20-ல் புத்ராஜெயாவில் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒத்துக்கொண்டதும் அப்படியே பழைய வாசகம்: 7,000 பேருக்குத் தற்காலிகத் தங்குமிடம் தருகிறோம், ஓராண்டுக்குள் உலக நாடுகள் இவர்களை எடுத்துக்கொள்ளவோ ஊருக்கு அனுப்பவோ வேண்டும். ஆனால் இந்தத் தடவை எதிர்ப்பக்கத்தில் எண்ணைச் சொல்லக் கூடிய ஜெனீவா இல்லை. வங்கதேசத்தவர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஓராண்டு முடிந்தபோதும் ரொஹிங்கியாக்களில் பலர் தடுப்பு முகாமிலேயே இருந்தார்கள்.

அந்தத் தடுப்பு முகாமுக்குத் தன்னார்வலர்களாகப் போன பிள்ளைகள் சிலர், என்ன செய்யட்டும் என்று கேட்டு வீட்டுக்கு வந்தார்கள். மனிதாபிமானம் பற்றிய மனுவை மற்றவர்கள் எழுதட்டும், நீங்கள் பட்டியல் எழுதுங்கள் என்றேன். எந்தப் படகு, எந்தத் தேதி, எந்தக் கரை, யார் யாரோடு வந்தார், யார் வழியில் இறந்தார், வெளிநாட்டில் யாருக்கு யார் உறவு. ஒரு பிரதி அவர்கள் கையில், ஒரு பிரதி முகாமுக்கு வெளியே. பிறகு ஒவ்வொரு தூதரகத்துக்கும் தனித்தனியாக, அந்த நாட்டில் உறவு உள்ளவர்களின் பெயர்களை மட்டும் பிரித்து அனுப்புங்கள். ஆயிரம் பேருக்கு இடம் கேட்டால் கோப்பு அலமாரிக்குப் போகும், பதினோரு பேருக்குக் கேட்டால் யாராவது ஒருவர் திறந்து பார்ப்பார். ஒரு பிள்ளை குறிப்பேட்டை மூடிவிட்டு, "பதில் வராவிட்டால், ஆன்ட்டி?" என்றான். அடுத்த மாதம் அதே பட்டியலைப் புதிய தேதி போட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன்.